அத்திரம்பாக்கத்து டூல் ரூம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். எந்தக் கருவியைக் கண்டாலும் என் கண் முதலில் போவது வெட்டுமுனைக்குத்தான். பூண்டி அகழ்வைப்பகத்தில் உள்ள கைக்கோடரிகளையும் அப்படித்தான் பார்த்தேன். குவார்ட்சைட் கல். இரண்டு முகத்திலும் சில்லு பெயர்த்து, நடுவில் கனம் விட்டு, விளிம்பை மெலிதாக்கியிருக்கிறார்கள். சில்லு பெயர்ந்த இடமெல்லாம் ஆழமில்லாத குழி. குழியும் குழியும் சந்திக்கும் வரம்பைக் கூர்ந்து பார்த்தால் எந்த அடி முந்தி, எது பிந்தி என்பது தெரியும். அடிக்கும் தளத்துக்கும் சில்லு பெயர வேண்டிய முகத்துக்கும் இடையே கோணம் 90 டிகிரிக்குள் இருந்தால்தான் சில்லு ஒழுங்காக வரும். அந்தக் கணக்கு கையில் ஊறியவர்கள் செய்த வேலை இது.

இவர்களின் பட்டறை கொசஸ்தலை ஆற்றையொட்டிய அத்திரம்பாக்கம். 1863 மே மாதம் பல்லாவரத்துச் சரளைக் குழியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கருவிகள் பற்றி அவருக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கல் கண்ணில் பட்டது. செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் ஓடைக்கு வந்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு தொடங்கியது இப்படித்தான்.

1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் பின்னர் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வு இந்த ஊரின் வயதையே மாற்றிவிட்டது. கல் வெயிலில் கிடக்கும்வரை விண்கதிர்கள் அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்களை உண்டாக்கும். மண்ணுக்குள் புதைந்ததும் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குறையும். மிச்ச விகிதத்தை அளந்தால் புதைந்த காலம் வரும். 2011இல் வெளியான விடை, சுமார் 15 லட்சம் ஆண்டு. எப்படிக் குறைத்தாலும் 10 லட்சத்துக்குக் கீழே போகாது.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. கருவிகள் கிடந்தது களிமண் அடுக்கில். பெரிய சில்லுகளை உடைத்தெடுத்த மூலக்கற்கள் அங்கே இல்லை. கல்லை வேறிடத்தில் உடைத்து, உருவை ஓரளவு கொண்டுவந்து, தூக்கி வந்து, இங்கே விளிம்பைச் செதுக்கி முடித்திருக்கிறார்கள். ஃபோர்ஜிங் ஓரிடம், ஃபினிஷிங் ஓரிடம் என்று எங்கள் பேட்டையில் நடப்பதும் இதுதான்.

2018இல் இன்னொரு முடிவு வந்தது. மூலக்கல்லை முன்கூட்டியே செதுக்கி வைத்து, வேண்டிய வடிவில் ஒரே அடியில் சில்லு எடுக்கும் லெவல்வா முறை இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாம். அது வெகு பின்னால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களோடு வந்தது என்று பலர் எண்ணியிருந்தார்கள்.

செய்தவர்கள் யார்? எலும்பு கிடைத்தால் அதைச் சொல்ல வழியுண்டு. ரஷ்யாவின் அல்தாய் மலையில், டெனிசோவா குகையில் கிடைத்த சிறு விரலெலும்பின் மரபணுவிலிருந்து 2010இல் ஒரு மனித இனமே அடையாளம் காணப்பட்டது. குளிர் அதைக் காத்துவைத்திருந்தது. அத்திரம்பாக்கத்தில் சில விலங்குப் பற்கள் கிடைத்தன, மனித எலும்பு கிடைக்கவில்லை. அவர்களை அறிய அவர்கள் வேலை ஒன்றுதான் வழி. அதனால் எங்களிடம் புதிதாகச் சேரும் ஐ.டி.ஐ. பிள்ளைகளைப் பூண்டிக்கு அழைத்துப்போகிறேன். கைக்கோடரி முன்னால் நிறுத்தி, கடைசி அடி எது, கண்டுபிடி தம்பி என்பேன். பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள்.