கரிசலில் மேட்டுப்பாத்தி

மணியாச்சியிலிருந்து கோவில்பட்டிக்கு ரயிலில் சென்றிருக்கிறீர்களா? வழியெங்கும் கரிசல் காடு. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழைக்கு ஏங்கும் இந்த மண்ணில் வெங்காயத்துக்குப் பாத்தியை உயர்த்திப் போடச் சொன்னால், “இருக்கிற ஈரத்தையும் வடித்துவிடவா?” என்றுதான் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மண்ணின் இயல்பை முதலில் பார்ப்போம்.

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் மிகுதி. அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஐப்பசியின் முதல் மழை வெடிப்பு வழியே விரைந்து இறங்கும். மண் உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்ளும்; அடுத்த மழை மேலேயே தேங்கும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எனவே வேர் மூச்சுத் திணறும். மேலாக வேர்விடும் வெங்காயம் அழுகும். காத்திருந்த மழையே பயிரைக் கெடுத்துவிடும்!

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. தக்காணத்தின் ஆழ்ந்த கரிசல்களில் மழைக்காலத்தில் நிலத்தைத் தரிசாக விட்டு, மழை ஓய்ந்தபின் விதைப்பது பழைய வழக்கம். கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1972இல் ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில் அமைந்த ‘இக்ரிசாட்’ நிறுவனம், அகலப்பாத்தியும் சாலும் என்னும் முறையை வகுத்தது. ஒரு மீட்டர் அகலப் பாத்தி, அதையடுத்து அரை மீட்டர் சால். சாலின் சரிவு 100 மீட்டருக்கு 40 முதல் 80 சென்டிமீட்டர். மாடு பூட்டிய கருவியே இதை அமைத்தது.

அங்கே 1976இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனையில், இம்முறையில் ஹெக்டேருக்கு ஆண்டுச் சராசரியாக ஏறத்தாழ 5 டன் தானியம் கிடைத்தது. பழைய முறையில் 1 டன்னை ஒட்டியே. நல்ல விதை, உரம், ஊடுபயிர் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். களியின் நுண்துளைகள் பற்றியிருக்கும் நீரைப் புவியீர்ப்பு எளிதில் இழுத்துவிடாது. பெரிய துளைகளில் நிற்கும் மிகைநீரே சாலில் வடியும். அவ்விடத்தில் காற்று புகும். மென்சரிவான சாலில் நீர் மெதுவாகச் செல்வதால், வழியிலேயே ஒரு பகுதி மண்ணுக்குள் ஊறும்.

வெங்காயப் பாத்திக்குத் திட்டமிடுகிறீர்களா? அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒரு சாண் போதும். மழைக்கு முன்பே, மண் பொலபொலப்பாக இருக்கும்போது அமையுங்கள். சாலில் மட்டும் நடங்கள். ஈரக் கரிசலை ஒருமுறை மிதித்தாலும் அந்தத் துளைகள் அடைபட்டுவிடும்.