ஒன் வீக் (1920 திரைப்படம்)

ஒன் வீக், 1920 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியான இரண்டு ரீல் மௌன நகைச்சுவைப் படம். ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். பஸ்டர் கீட்டனும் எட்வர்ட் கிளைனும் எழுதி இயக்க, ஜோசப் ஷெங்க் தயாரித்தார். ஃபேட்டி ஆர்பக்கிளின் படங்களில் துணைவேடம் கட்டிவந்த கீட்டன், தனி நாயகனாக முதலில் எடுத்தது ‘தி ஹை சைன்’. அது அவருக்குப் பிடிக்காமல் கிடப்பில் போக, ஒன் வீக் முந்திக்கொண்டது.

வீட்டின் பாகங்களுக்கு எண் போட்டுத் தபாலில் விற்ற காலம் அது. சியர்ஸ் நிறுவனம் 1908 முதலே விற்றுவந்தது. புதுமணத் தம்பதிக்கு (கீட்டன், சிபில் சீலி) அப்படியொரு வீடு கல்யாணப் பரிசாக வருகிறது. அந்த மணப்பெண் தனக்குக் கிடைக்காத கடுப்பில் ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். கீட்டனோ குறிப்புத்தாளை வேதவாக்காக நம்பிக் கட்டுகிறார். மாடிக் கதவைத் திறந்தால் அந்தரம்; கூரை பொருந்தவில்லை; சுவர்கள் கோணிக்கொண்டு நிற்கின்றன. நாட்காட்டித் தாள் கிழியக் கிழியக் கதை நகர்கிறது. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை, விருந்தினர் கூடியிருக்கும்போது புயல் வந்து வீடே ராட்டினமாய்ச் சுழல்கிறது. சுழல்மேடை ஒன்றின்மேல் நிஜமாகவே வீட்டை எழுப்பிச் சுற்றவிட்டார்கள். புயல் ஓய்ந்ததும் வேறொரு சங்கதி தெரியவருகிறது: மனை எண் பலகை தலைகீழாக இருந்ததால் 99ஆம் மனைக்குப் பதில் 66இல் கட்டிவிட்டார்கள்.

படத்தின் உச்சம் ரயில் காட்சி. இடம் மாற்ற இழுத்துப்போகும் வீடு தண்டவாளத்தில் சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். ரயிலோ பக்கத்துத் தண்டவாளத்தில் கடந்துபோகிறது. கேமரா நிற்கும் இடத்திலிருந்து இரண்டு பாதைகள் ஒன்றுபோலத் தெரிவதால் நாமும் ஏமாறுகிறோம். ‘அப்பாடா’ என்று மூச்சு விடும்போது எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள்தூளாக்குகிறது. இதில் பொம்மை வீடு, பொம்மை ரயில் எதுவும் கிடையாது. முதல் ரயில் தந்த நிம்மதி இல்லையென்றால் இரண்டாவதற்கு இவ்வளவு சிரிப்பு வந்திருக்காது.

கீட்டன் மூஞ்சியில் சலனமே இல்லை. இடிபாட்டில் ‘விற்பனைக்கு’ என்ற பலகையை நட்டு, கட்டுமானக் குறிப்பையும் அதோடு வைத்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

சுவர் சாய்கையில் ஜன்னல் திறப்பில் நின்று ஆள் தப்பும் சாகசம் இதிலும் உண்டு. அதையே ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில் கீட்டன் பெரிய அளவில் செய்தார். 2008இல் ஒன் வீக் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.