காட்டுக்குதிரை ஓடை

பைசன் விலா எலும்புகளுக்கு நடுவே கல் ஈட்டிமுனை அகப்பட்ட 1927 ஆகஸ்ட் 29-க்கு இந்த வாரம் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்த எலும்புகளை முதலில் பார்த்த மனிதரைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

1908 ஆகஸ்ட் 27. நியூ மெக்சிகோவின் வடகிழக்கு மூலையில், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஃபோல்சம் என்கிற சிற்றூர். மேலே ஜான்சன் மேசா மேட்டுநிலத்தில் மழை கொட்டித் தீர்த்தது. மாடுகள் மேய்ந்து மொட்டையடித்த சரிவில் தண்ணீர் நிற்குமா? அத்தனையும் ட்ரை சிமரன் ஆற்றில் இறங்கி, இரவில் ஊருக்குள் புகுந்தது. தொலைபேசி நிலையத்தில் சாரா ரூக் என்ற பெண்மணி இருந்தார். வெள்ளம் வருகிற செய்தி எட்டியதும் அவர் தப்பி ஓடவில்லை. வீடு வீடாக இணைப்புக் கொடுத்து, ‘மேட்டுக்குப் போங்கள்’ என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார். வெள்ளம் அவரையும் கொண்டுபோனது. அவர் உடல் ஆற்றின் கீழ்ப்போக்கில் பல மாதங்கள் கழித்தே கிடைத்தது. 1926-ல் தொலைபேசி ஊழியர்கள் காசு சேர்த்து அவருக்குக் கல்லறைக் கல் நாட்டினார்கள். தளபதிகளுக்குச் சிலை வைக்கிற உலகத்தில், நான் வணங்கும் கல் அது.

வெள்ளம் வடிந்தபின் வேலிகளைப் பார்க்கக் குதிரையில் கிளம்பினார் கிரோஃபுட் பண்ணையின் மேலாள் ஜார்ஜ் மெக்ஜங்கின். 1851-ல் டெக்சாஸில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். பண்ணைக்காரர்களின் பிள்ளைகளுக்குக் குதிரையைப் பழக்கச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவர்களிடம் எழுத்துக் கற்றார். ஸ்பானியம் பேசினார், பிடில் வாசித்தார். சேணத்தோடு ஒரு தொலைநோக்கியும் போகும். கல், எலும்பு என்று கண்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார்.

காட்டுக்குதிரை ஓடையை வெள்ளம் ஆழமாக அறுத்துவிட்டிருந்தது. கரைச்சுவரில், புல்மட்டத்துக்கு வெகு கீழே, வெளுத்த பெரிய எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. செத்த மாடு என்று வேறு யாரும் கடந்துபோயிருப்பார்கள். அவ்வளவு மண் மூடியிருக்கிற எலும்பு நேற்றையது இல்லை, மாட்டினுடையதும் இல்லை என்று மெக்ஜங்கின் புரிந்துகொண்டார். வாழ்நாளெல்லாம் மண்ணையும் மாட்டையும் பார்த்த கண் அது.

அதன்பிறகு பதினான்கு ஆண்டுகளாக இறங்கிப் பார்க்கப் படித்தவர் யாரும் வரவில்லை. ராட்டன் நகரத்துக் கொல்லர் கார்ல் ஷ்வாக்ஹைமிடம் மெக்ஜங்கின் விஷயத்தைச் சொல்லிவைத்தார். 1922 ஜனவரியில் மெக்ஜங்கின் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில்தான் ஷ்வாக்ஹைமும் நண்பர்களும் ஓடைக்குப் போனார்கள். பிறகு 1926-ல் டென்வர் அருங்காட்சியகத்தின் ஃபிக்கின்ஸ் ஆள் அனுப்பித் தோண்டினார்.

ஃபிக்கின்ஸைக் குறைசொல்ல மாட்டேன். 1927-ல் அகப்பட்ட ஈட்டிமுனையை எலும்போடு அப்படியே விட்டுவைத்து, எதிர்வாதம் செய்த அறிஞர்களை நேரில் வந்து பார்க்கச் சொன்னது பெரிய காரியம். அமெரிக்காவில் மனிதன் கால்வைத்துப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று என்பது அதனால் நிலைபெற்றது. ஆனால் புகழ் அவரோடும் அறிஞர்களோடும் நின்றது. வழிகாட்டிய மெக்ஜங்கினின் பெயர் பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. ஓக்லஹோமா நகர கௌபாய் அருங்காட்சியகம் அவரை மேற்கின் மாமனிதர்கள் வரிசையில் சேர்த்தது 2019-ல்.

எதிர்வாதம் செய்த அந்த அறிஞர்களில் ஒருவரான ஹர்ட்லிச்காவின் பிடிவாதம் உடைந்த கதை அடுத்த வாரம். அதைப் படிக்கும்போது ஃபோல்சம் கண்டுபிடிப்பின் முதல் பெயராக ஜார்ஜ் மெக்ஜங்கினை வைத்துக்கொள்ளுங்கள்.