அரியக்குடி வகுத்த பாட்டை

ஒரே பல்லவியை நெடுநேரம் விஸ்தரித்து லய சாமர்த்தியத்தை நிலைநாட்டுவதே வித்வத்துக்கு இலக்கணம் என்று பலரும் கருதியிருந்த காலத்தில், காரைக்குடிக்கு அருகிலுள்ள அரியக்குடியில் 1890-ஆம் ஆண்டு பிறந்த ராமாநுஜ ஐயங்கார், பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சிஷ்யரான பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் குருகுலவாசம் செய்து, தியாகராஜ ஸ்வாமிகளின் பரம்பரையில் வந்த பாடாந்தரத்தைப் பெற்றார்.

சமஸ்தானங்களின் ஆதரவு மெலிந்து சபாக்கள் பெருக, சங்கீத ஞானத்தில் ஏற்றத்தாழ்வுள்ள ரஸிகர்கள் ஒரே கூடத்தில் டிக்கெட் வாங்கி அமரத் தொடங்கிய அந்நாளில், வர்ணத்தில் ஆரம்பித்து, மத்யம காலக் கீர்த்தனங்களைச் சுருக்கமான ஆலாபனைகளோடு தொடுத்து, ராகம் தானம் பல்லவியையும் அளவோடு பாடி, பதம், ஜாவளி, தமிழ்ப் பாடல்கள் முதலான துக்கடாக்களால் நிறைவு செய்யும் கச்சேரி பத்ததியை அவர் நிலைபெறச் செய்தார். ராகத்தின் ஸ்வரூபத்தை முதற்பிடியிலேயே காட்டிவிட்டு, கேட்பவருக்கு இன்னும் சற்றுப் பாடமாட்டாரா என்ற தாபம் எழும்போதே நிறுத்திவிடும் அந்த ஔசித்யம், பிருகாக்களின் வேகத்தைக் காட்டிலும் அரிய வித்தை என்பது என் துணிபு.

சென்னை மியூசிக் அகாடமி 1938-இல் அவரைச் சங்கீத கலாநிதியாக்கியது. 1967-இல் அவர் மறைந்தார். ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரங்கள் முப்பதுக்கும் அவர் அமைத்த ராகங்களிலேயே மார்கழி வைகறையில் இன்றும் பலர் பாடுகிறார்கள்.