கூடும் உயிரும்

ஓர் ஊர்தியின் வரலாறு பெரும்பாலும் அதன் உடற்கூட்டின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஆயினும், கூடு நிலைத்திருக்க, அதனுள் உயிராய் விளங்கும் இயந்திரம் மாறிக்கொண்டே வருவதும் உண்டு. ஒரு காலத்தில் மலாயா, சிங்கப்பூர்ச் சாலைகளிலும் ஓடிய மோரிஸ் மைனர் மகிழுந்து இதற்குத் தக்க சான்றாகும்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இம்மகிழுந்து அறிமுகமாயிற்று. இதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், நான்கு உருளைகள் இருபுறமும் படுத்த நிலையில் எதிரெதிரே அமைந்த புதுவகை இயந்திரம் ஒன்றை இதற்கெனக் கருதியிருந்தார். அகன்ற அவ்வியந்திரத்திற்கு ஏற்பவே முன்கூடும் அகலமாக அமைந்தது. பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. போருக்கு முந்திய மோரிஸ் எயிட் வண்டியின் வழிவந்த 918 சி.சி. பக்க வால்வு இயந்திரமே அதனுள் பொருத்தப்பட்டது. புதிய உடலுக்குப் பழைய உயிரே வாய்த்தது.

1952ஆம் ஆண்டு ஆஸ்டின், மோரிஸ் நிறுவனங்கள் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தோன்றியது. அதன் பயனாக, ஆஸ்டின் ஏ30 வண்டியின் 803 சி.சி. இயந்திரம் மைனருக்குள் குடிபுகுந்தது. அது கொள்ளளவில் சிறியதே. எனினும், வால்வுகள் உருளைகளின் மேலே அமைந்தமையால், முன்னதன் 27.5 குதிரைத்திறனைக் கடந்து 30 குதிரைத்திறனை அளித்தது. அந்த 'ஏ' வரிசை இயந்திரமே 1956இல் 948 சி.சி. ஆகவும், 1962இல் 1098 சி.சி. ஆகவும் வளர்ந்து, இறுதியில் 48 குதிரைத்திறனை எட்டியது.

ஒரே குடும்பத்து இயந்திரங்கள் என்பதால், முந்திய வண்டிக்குள் பிந்திய இயந்திரத்தைப் பொருத்தும் வழக்கம் உரிமையாளரிடையே பரவியது. மோரிஸ் மரீனாவின் 1275 சி.சி. இயந்திரத்தைக்கூடச் சிலர் பொருத்தினர். பக்க வால்வுக் காலத்து வண்டியில் மட்டும் இப்பணி கடினமானது. அதில் இயந்திரத்தோடு கியர்ப்பெட்டியும் தாங்கிகளும் மாற வேண்டியிருந்தது.

இங்கே கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. உற்பத்தியாளர் இயந்திரத்தை மட்டும் மாற்றி அமைதி கொள்ளவில்லை. 803 சி.சி. வண்டியில் 5.286 ஆக இருந்த பின்னச்சுப் பற்சக்கர விகிதம், 948 சி.சி. வண்டியில் 4.555 ஆகவும், 1098 சி.சி. வண்டியில் 4.22 ஆகவும் குறைக்கப்பட்டது. சக்கரம் ஒரு முறை சுழல, இயந்திரத்தோடு இணைந்த தண்டு எத்தனை முறை சுழலவேண்டும் என்பதையே இவ்விகிதம் காட்டும். பழைய அச்சை விட்டுவைத்தால், புதிய இயந்திரம் வீணே விரைந்து சுழன்று தேயும். 1098 சி.சி. இயந்திரத்தோடு முன் பிரேக் உருளைகளும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருகின. இதனை மறந்து வேகத்தை மட்டும் கூட்டியவரின் வண்டி, மலைச்சரிவில் இறங்கும்போது ஆபத்தையே ஏந்திச் செல்லும். காளை வலுத்தால் மட்டும் போதாது. நுகமும் கடையாணியும் வலுக்கவேண்டும் என்பது வண்டி ஓட்டியவர் அறிந்ததே.

1971இல் உற்பத்தி நின்றபொழுது, ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் உருவாகியிருந்தன. அவற்றுள் எஞ்சியவை இன்றும் ஓடுவதற்கு இத்தகைய மாற்றங்களும் ஒரு காரணமாகும். கைவிடப்பட்ட திட்டம் விட்டுச்சென்ற அகன்ற இடமே, பிற்கால இயந்திரங்களைத் தடையின்றி ஏற்றுக்கொண்டது. பழமை வாழவேண்டுமாயின், புதுமை புக இடமும் வேண்டும். புகுந்ததைத் தாங்கும் வலிமையும் வேண்டும்.