மரப்பல் கட்டிய ஜப்பானியர்

அகவையையும் பல்லையும் ஓரெழுத்தில் பிணைத்து வைத்தவர் சீனர். அகவையைக் குறிக்கும் அவர்தம் எழுத்தின் ஒரு கூறு பல்லைக் குறிப்பதாகும். அவ்வெழுத்தைக் கடன்கொண்ட ஜப்பானியர், புத்தாண்டில் கடினமான உணவைக் கடித்துண்டு நீள்வாழ்வு வேண்டும் வழக்கத்தை அரண்மனைச் சடங்காகவே போற்றினர். ‘பல்லை உறுதிப்படுத்தல்’ என்பது அதன் பெயர்.

வேண்டுதலோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வாகாயாமாவில் 1538ஆம் ஆண்டில் மறைந்த பௌத்தத் துறவியார் ஒருவரின் மரப்பல் இன்றும் காக்கப்பட்டு வருகிறது. மெல்லும் பகுதி தேய்ந்திருத்தலால், அது வெறும் ஒப்பனைக்கு அன்று, உண்ணுதற்கே பயன்பட்டது என்பது பெறப்படும். பின்னர் எடோ காலத்தில் இது தனித்தொழிலாய் வளர்ந்தது. தேன்மெழுகை வாயிலிட்டு அச்செடுப்பர். வைரம் பாய்ந்த பெட்டி மரத்தை அதற்கேற்பச் செதுக்குவர். செஞ்சாயம் பூசி வாயில் வைத்து, உறுத்தும் இடம் கண்டு இழைப்பர். கடைவாயில் உலோக ஆணிகளை அறைந்து மெல்லும் திறன் கூட்டுவர். மணமான மகளிர் பல்லைக் கருமையாக்கும் வழக்கம் இருந்தமையின், அவர்க்கெனக் கருங்காலியில் பல் செய்ததும் உண்டு! புத்தர் சிலை செதுக்கிய கைகளே இத்தொழிலைத் தொடங்கின என்பர்.

இம்மரப்பல் மேலண்ணத்தில் தானே ஒட்டி நிற்கும். அதே காலத்து ஐரோப்பாவிலோ, மேல்வரிசை விழாதிருக்கச் சுருள்வில் பொருத்த வேண்டியிருந்தது. அமெரிக்கத் தலைவர் வாஷிங்டன் 1789இல் பதவி ஏற்றபோது அவர்க்கு எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே. அவர் மரப்பல் கட்டினார் என்பது கட்டுக்கதை. தந்தம், உலோகம், மனிதப் பல் ஆகியவற்றால் ஆன அவருடைய பொய்ப்பல் தந்த வேதனை பெரிது. அக்கலையில் கீழ்நாட்டுத் தச்சனே முந்திநின்றான் எனல் மிகையாகாது.

எனினும் பொய்ப்பல் இயற்கைப் பல்லுக்கு ஈடாகாது. 1989இல் ஜப்பானிய அரசும் பல்மருத்துவர் சங்கமும் ‘எண்பது-இருபது’ என்னும் இயக்கத்தைத் தொடங்கின. எண்பது வயதிலும் இருபது பல் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதே குறிக்கோள். இருபது இருந்தால் பெரும்பாலான உணவுகளை மென்றுண்ணலாம். அன்று அவ்வயதினரில் பத்தில் ஒருவர்கூட இந்நிலையில் இல்லை. 2016ஆம் ஆண்டின் ஆய்வில் இருவரில் ஒருவர் என்னும் அளவை எட்டினர். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் இது.

பல்லின் எண்ணிக்கை மட்டும் போதுமா? போதாது என்பதை அந்நாட்டாரே உணர்ந்தனர். நாக்கு, உதடு, விழுங்கும் தசை ஆகியவை தளர்ந்தால், மெல்ல எளியவற்றையே முதியோர் நாடுவர். இறைச்சியும் காய்கறியும் விலகும். உடல் வலு குன்றும். பிறர் துணையின்றி நடமாடல் அரிதாகும். 2018இல் வாய்த்திறன் குறைவு தனி நோயாகவே அரசின் மருத்துவக் காப்புறுதியில் இடம்பெற்றது.

வாயைத் தூய்மையாக வைத்தலின் பயனை யோனேயாமா என்பாரும் குழுவினரும் 11 முதியோர் இல்லங்களில் ஈராண்டு ஆராய்ந்தனர். உண்டபின் வாயைப் பிறர் தூய்மை செய்துவிட்ட முதியோருள் நூற்றுக்குப் 11 பேர்க்கும், அவ்வாறு செய்யப்படாதோருள் 19 பேர்க்கும் நுரையீரல் அழற்சி கண்டது. பல் ஒன்றும் இல்லாத பொக்கை வாயினரிடத்தும் அப்பயன் காணப்பட்டது.