மார்கரின் கூப்பனும் மாற்றுச் சட்டையும்

1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. பெந்தெகொஸ்தே திருநாள்; பிரிட்டனில் கடைகள் அடைத்திருந்தன. அந்த நாளைத் தேர்ந்துதான் ஆலிவர் லிட்டில்டன் என்னும் அமைச்சர் வானொலியில் அறிவித்தார்: இனிப் பணம் மட்டும் கொடுத்து உடை வாங்க இயலாது, கூப்பனும் வேண்டும். முன்கூட்டியே செய்தி கசிந்தால் மக்கள் கடைகளைக் காலிசெய்துவிடுவர் என்ற அச்சத்தில், உடைக்கெனத் தனிக் கூப்பன்கூட வழங்கப்பட்டிருக்கவில்லை. உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் பயன்படாமல் கிடந்த மார்கரின் கூப்பன்களையே கத்தரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். (நம் பாட்டிமார் 'கண்ட்ரோல்' என்று நினைவுகூர்ந்த துணிக் கட்டுப்பாடு இந்தியாவுக்கு வந்தது 1943-இல்.)

முதல் ஆண்டு ஆளுக்கு 66 கூப்பன்கள். ஆண்களின் முழு சூட் ஒன்றுக்கே 26 போய்விடும். பெண்களின் கம்பளி உடைக்கு 11. பார்வைக்கு இது சமத்துவம். கோமகனுக்கும் கூலிக்காரருக்கும் ஒரே எண்ணிக்கை. ஆனால் கோமகன் வீட்டு அலமாரி ஏற்கெனவே நிறைந்திருந்தது. மேலும், ஐந்தாண்டு உழைக்கும் விலையுயர்ந்த கோட்டுக்கும் ஐந்து மாதத்தில் நைந்துபோகும் மலிவுக் கோட்டுக்கும் கூப்பன் ஒன்றே. ஏழையின் கூப்பன் விரைவில் தேய்ந்தது என்பதே உண்மை. 1943-இல் அரசு வெளியிட்ட 'இருப்பதைச் சரிசெய்து உடுத்து' என்ற பொருள்படும் கையேடு ஒட்டுப்போடவும் பிரித்துத் தைக்கவும் கற்றுக்கொடுத்தது. பிறந்ததிலிருந்தே ஒட்டுப்போட்டு உடுத்தியவர்கள் அதைப் படித்து என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு முற்றிலும் உடைந்தது. குழந்தைகளுக்குக் கூடுதலாகப் பத்துக் கூப்பன்கள் தரப்பட்டன. எனினும் வளரும் காலுக்கு எந்த அரசு ஆணையும் கட்டுப்படுவதில்லை. பழைய உடைக்குக் கூப்பன் தேவையில்லை என்ற விதி மட்டுமே திறந்திருந்த வாசல். அந்த வாசல் வழியாக நுழைந்தவர்கள் பெண்கள் தன்னார்வப் பணிக்குழுவினர். மறைந்த ரீடிங் பிரபுவின் மனைவி ஸ்டெல்லா ஐசக்ஸ் 1938-இல் தொடங்கிய இவ்வமைப்பில் போர்க்காலத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பெண்கள் இருந்தனர். ஊர்தோறும் அவர்கள் நடத்திய குழந்தை உடைமாற்று நிலையங்களின் முறை எளியது. தாய், பிள்ளைக்குச் சிறுத்துப்போன உடையைத் துவைத்துக் கொண்டுவருவாள். அதன் தரத்துக்கேற்பப் புள்ளிகள் தரப்படும். அந்தப் புள்ளிகளுக்கு ஈடாகப் பெரிய அளவு உடையையோ காலணியையோ எடுத்துக்கொள்வாள். பணமும் இல்லை, கூப்பனும் இல்லை.

என்னைப் பொறுத்தவரை இதில் முக்கியமானது துணி அன்று. அந்தப் புள்ளிக் கணக்கு. ஒரு பின்னணியை நினைவில் கொள்ள வேண்டும். 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலும் நகரத்துக் குழந்தைகள், கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலரிடம் நல்ல காலணியோ மாற்றுடையோ இல்லை என்பது பெரும் அதிர்ச்சியாகப் பேசப்பட்டது. கந்தலைப் பார்த்து இரங்கியவர்களும் உண்டு. தாய்மார்களைப் பழித்தவர்களும் உண்டு. அத்தகைய பார்வைக்கு ஆளான ஒரு தாய் தானமாக வரும் சட்டையைக் கூசாமல் வாங்குவாளா? மாற்று நிலையத்திலோ அவள் கை நீட்டவில்லை. கொடுத்ததற்கு ஈடு பெற்றாள். அதே வரிசையில் மருத்துவரின் மனைவியும் நிற்க முடிந்தது. அறம் செய்கிறோம் என்ற எண்ணத்துடன் தொடங்கும் எத்தனையோ முயற்சிகள் இந்த நுட்பத்தை அறியாமல் கெட்டிருக்கின்றன.

குறையும் அதே கணக்கில்தான் இருந்தது. கொடுக்க ஏதுமில்லாதவளுக்குப் புள்ளியும் இல்லை. குண்டுவீச்சில் வீட்டை இழந்தவர்களுக்கு இவ்வமைப்பே தனி உடைக்கிடங்குகள் நடத்த வேண்டியிருந்தது. பெரிய பையன்களின் காலணி கிடைப்பது அரிது என்பதற்கும் விளக்கம் வேண்டியதில்லை. பையன் கழற்றும்போது அது காலணியாக எஞ்சியிருந்தால்தானே!

உடைப் பங்கீடு 1949 மார்ச் 15-இல் முடிந்தது. பிறகு உடை மலிந்தது. மலிந்து மலிந்து குப்பையாயிற்று. பிரிட்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் டன் உடைகள் குப்பைமேட்டில் புதைக்கப்படுவதாக 'வ்ராப்' அமைப்பு 2012-இல் மதிப்பிட்டது. இன்று அங்கே நூலகங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் உடைமாற்றுக் கூடல்களை நடத்துவோர் பலர் கொண்டுவந்த உடைக்கு வில்லை கொடுக்கிறார்கள். அந்தப் பழைய புள்ளிக் கணக்கேதான். ஆனால் அதன் வேலை தலைகீழாகிவிட்டது. அன்று அது வெட்கத்தைப் போக்கியது; இன்று கைகொள்ளாமல் அள்ளிச் செல்வதைத் தடுக்கிறது. ஐந்து கொண்டுவந்து ஐந்து எடுத்துச் சென்றவளின் அலமாரி குறைவதில்லை. கடையில் வாங்கவிருந்த ஒன்றை அவள் வாங்காமல் விட்டால் மட்டுமே கழிவு குறையும். அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இன்னொரு வேறுபாடும் உண்டு. போர்க்கால நிலையத்தில் உடைக்குத் தட்டுப்பாடு. இன்றைய கூடலின் முடிவில் மேசைமேல் ஒரு குவியல் எஞ்சுகிறது. அது பெரும்பாலும் அறக்கட்டளைக் கடைக்குச் செல்கிறது. அங்கும் விலைபோகாதவற்றுள் ஒரு பகுதி மூட்டைகளாகக் கப்பலேறி கானா நாட்டுச் சந்தைகளுக்கும் நம் பானிபட்டின் கந்தல் ஆலைகளுக்கும் வந்து சேர்கிறது.